கழிப்பறைக்குள் இருந்து ஆத்தாவைக் கூப்பிட்டேன்

ஆத்தாவின் பிள்ளைகளே, கேட்க அருவருப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மறைத்துச் சொன்னால் அவள் செய்ததையும் மறைத்ததாகிவிடும்.

என் பெயர் முத்துலட்சுமி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகச் சரவெடி பின்னுகிறேன். எனக்கு ரத்தமாகப் பேதி போனது. ஒரு நாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம்.

எல்லோரும் கந்தகச் சூடு என்றார்கள். எங்கள் பக்கம் வயிற்றில் எது வந்தாலும் பழி கந்தகத்துக்குத்தான். வாழைப்பழம் தின்னு, மோர் குடி, உள்ளே போன தூசி வெளியே வந்துவிடும் என்பார்கள். நானும் ஒரு வருஷம் பழத்தையும் மோரையும் நம்பிக் கெட்டேன். எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் விருதுநகரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "சூடும் இல்ல, தூசியும் இல்லம்மா. கிருமி வந்தா அடிச்சு விரட்ட ரத்தத்துல அணுக்கள் இருக்கு. அதுக உங்க குடலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. அதான் புண்ணு. மாத்திரைய விடாம சாப்பிட்டா அடக்கி வைக்கலாம்."

என் உடம்பே என்னை அடிக்கிறது. அதைக் கேட்டும் அழுகை வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் இரண்டு தரம்தான் ஒதுங்கப் போகலாம். அதற்கு மேல் போனால் போர்மேன் எங்கள் வேலை அறைக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவார். ஆவணி மாதம், தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரம். "சரம் பின்ன வந்தீகளா, நடை பழக வந்தீகளா?" என்றார். டாக்டர் சீட்டை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. மறுநாளில் இருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலை போனால், வேலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற இ.எஸ்.ஐ. மாத்திரையும் போச்சு. மாத்திரை போனால் குடலும் போச்சு.

ஆத்தா கோயிலுக்கும் போவதை நிறுத்தினேன். தீபாராதனைக்கு நடுவில் எழுந்து ஓட வேண்டி வந்தால்? இந்த உடம்போடு அவள் முன்னால் நிற்கக் கூசியது. வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை. ஆத்தா மேல் கோபமா என்றால் கோபமும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் செல்வராணிதான் விடவில்லை. "அடியே, வயித்துல சீக்கு வந்தது ஒன் குத்தமா? எந்திரி!" என்று சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய் மனு கொடுக்க வைத்தாள். அதன் வழியாக இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். மதுரை கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

மாசி மாதம் விசாரணை. செல்வராணியும் துணைக்கு வந்தாள். முந்தின நாள் மத்தியானத்தில் இருந்தே பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. அப்படியும் கோர்ட்டு வராந்தாவில் வயிறு முறுக்கிவிட்டது. ஓடினேன்.

கழிப்பறைக்குள் இருக்கும்போதே என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. முதல் தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் சத்தம் நின்றுபோனது.

அத்தனை மாதமாக வாயில் வராத பெயர் அப்போது வந்தது. "ஆத்தா, இந்த எடத்துல ஒன்னயக் கூப்பிடக் கூடாதுதான். எனக்கு வேற எடம் ஏது? என் பேரத் தள்ளிராமப் பாத்துக்கோ." அம்புட்டுத்தான் வேண்டினேன்.

அந்நேரம் கோர்ட்டுக்குள் நடந்ததைச் செல்வராணி பிறகு சொன்னாள். கம்பெனி வக்கீல், மனுதாரர் வரவில்லை, தள்ளுபடி செய்யலாம் என்றாராம். எங்கள் வக்கீலம்மா தயங்கியிருக்கிறார். எங்கே போனார் என்று நீதிபதி கேட்டதும், இவள் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்து, "கக்கூசுக்குப் போயிருக்கா அய்யா! அதுக்குத்தான கேசே நடக்குது!" என்று கத்தியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். நீதிபதி சிரிக்கவில்லை. "அவங்க வரட்டும். காத்திருப்போம்" என்றாராம்.

நான் உள்ளே நுழைந்தேன். கோர்ட்டே என்னைப் பார்த்தது. "அவசரம் இல்லம்மா. உக்காருங்க" என்றார் நீதிபதி. அப்போதுதான் அழுதேன். வக்கீலம்மாவின் கர்ச்சீப் முழுக்க நனைந்துவிட்டது.

வைகாசியில் தீர்ப்பு வந்தது. ஒதுங்கப் போவது கம்பெனி தருகிற சலுகை இல்லை, மனுஷப் பிறவியின் உரிமை, எத்தனை தரம் என்று யாரும் எண்ணக் கூடாது என்று நீதிபதி எழுதியிருந்தார். வேலை திரும்பக் கிடைத்தது. மாத்திரையும் கிடைக்கிறது.

நோய் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த அணுக்கள் இன்னும் எனக்குள்ளேதான் இருக்கின்றன. சில நாள் அடங்கியிருக்கும், சில நாள் அடிக்கும். ஆனால் இப்போது தினமும் விளக்கு ஏற்றுகிறேன். பூஜை நடுவில் எழுந்து ஓட வேண்டி வந்தால் ஓடுகிறேன், கழுவிவிட்டுத் திரும்ப வந்து நிற்கிறேன்.

உடம்பு சரியாகட்டும், சுத்தமான பிறகு கும்பிடலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். தள்ளிப் போடாதீர்கள், தாயீ. எந்த இடத்தில் கிடக்கிறீர்களோ அங்கே இருந்தே கூப்பிடுங்கள். நான் கதவைத் திறந்து வெளியே வருகிற வரைக்கும் ஒரு கோர்ட்டையே காக்க வைத்தவள் அவள்.