ருசி காட்டுகிறவர்

என் வீட்டுக்காரர் ஜுரைமி வேன் ஓட்டுகிறார். பொந்தியானாக்கில் இறங்கும் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கபுவாஸ் ஆற்றை ஒட்டியே மேலே போய், எந்த ஊரில் எது ருசியோ அதைச் சாப்பிட வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவர் பிழைப்பு. "குடுத்து வச்ச மனுஷன்" என்பார்கள். குடுத்து வைத்தவருக்கு வயிற்றில் புண். வந்தவர்களோடு உட்கார்ந்து, சலித்துப்போன அதே மூலிகைக் கஞ்சியை முதல் தடவை சாப்பிடுவது போலக் கண்ணை மூடி "ஆகா" சொல்ல வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்தி. வீட்டுக்கு வந்தால் வெறும் சோறும் உப்பும் கேட்பார். அதையும் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்.

போன மாதம் சுராபாயாவிலிருந்து ஹந்தோயோ என்பவரும் அவர் மனைவியும் வந்தார்கள். சிந்தாங்கில் என் தங்கை வீட்டுக் கல்யாணம் என்பதால் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"கடைச் சாப்பாடு வேணாம் தம்பி" என்றார் அந்த அம்மா. "டுரியான் பழத்தப் புளிக்க வச்சு மீன் குழம்பு வைப்பாங்களாமே, அது வேணும். செக்கடாவ்ல மஸ்னான்னு ஒருத்தர் வீட்ல செஞ்சு போடறாங்களாம். நாங்க சொல்லி வச்சுட்டோம்."

வேன் ஒரு குலுக்கல் குலுக்கியது. மஸ்னா எங்கள் அண்ணி. இவருடைய அண்ணன் சப்ரானின் மனைவி.

மாமனார் இறந்தபோது இவர் ஆற்றுக்கு மேலே ஏதோ ஓர் ஊரில் யாருக்கோ மீன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மழையில் சாலை அறுந்துபோய், வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஊரே கூடியிருந்த இடத்தில் அண்ணன் சொன்னார்: "ஊரான் வாய்க்கு ருசி காட்டப் போனவன், அப்பன் வாயில தண்ணி ஊத்த வரல." அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருஷமாக இவர் அந்தத் தெருவில் வண்டியைத் திருப்பியதில்லை. அண்ணன் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்காக என் புருஷன் இளைத்த இளைப்பைப் பார்த்தவள் நான். எனக்கும் கோபம் உண்டு.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். விருந்தாளிகள் உள்ளே போனார்கள். இவர் இறங்கவே இல்லை. அண்ணன் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தார். வேனை ஒட்டியே நடந்து போனார், ஒரு பார்வை கிடையாது. இவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறியதும் அண்ணி வெளியே வந்து, "தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

"பசி இல்ல அண்ணி."

எங்கள் பக்கம் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. கூப்பிட்ட சோற்றை ஒதுக்கிவிட்டுப் போனவனைப் பாம்பு கடிக்கும், ஆறு இழுக்கும், வண்டி கவிழும். வேண்டாமென்றால் ஒரு விரலால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டாவது போக வேண்டும். வயிற்றுப்புண் வந்த பிறகு பாதி வீடுகளில் இவர் அப்படித்தான் தப்பித்தார்.

"தொட்டுட்டாவது வாங்களேன்" என்றேன், வேன் நகர்ந்ததும்.

"கூப்பிட்டது அண்ணி. வீட்டுக்காரன் கூப்பிடல."

"சாவு வர்றப்ப யார் கூப்பிட்டாங்கன்னு கேட்டுட்டா வரும்?"

"வந்தா வரட்டும் ஹலிமா. ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு."

பின்னால் ஹந்தோயோவும் அவர் மனைவியும் குழம்பின் புளிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். யாருக்கு எந்தக் கவலை பாருங்கள்.

ஆற்றுப்பாலம் வருவதற்குள் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன்தான், பழைய மோட்டார் சைக்கிளில், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் கிண்ணம். பாதிக் குழம்பு சட்டையில் வழிந்திருந்தது. இவர் வண்டியை ஓரங்கட்டினார்.

அண்ணன் ஜன்னல் வழியாகக் கிண்ணத்தை உள்ளே நீட்டினார். மூச்சு வாங்கியது.

"தொடு."

இவர் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"தொடுடா. அப்பனைப் புதைச்ச கை இது. உன்னையும் புதைக்க என்னால முடியாது. தொடு."

இவர் கிண்ணத்தைக் கையில் வாங்கினார். விரலால் தொட்டு உதட்டில் வைத்தார். பிறகு மீனைப் பிய்த்து வாயில் போட்டார். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. கண்ணை மூடவில்லை, "ஆகா" சொல்லவில்லை, பேசாமல் அள்ளி அள்ளித் தின்றார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் எத்தனையோ நாளாகப் பார்த்ததில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. பின் சீட்டில் அந்த அம்மா செல்போனைத் தூக்கினார். திரும்பி ஒரு முறை முறைத்தேன், இறக்கிவிட்டார்.

"வயித்துப்புண்ணுன்னு மஸ்னா சொன்னா" என்றார் அண்ணன். "தொடச் சொன்னா இந்தத் தீனி தின்னுறியே."

"உனக்கெதுக்குண்ணே அது?"

"எனக்கொண்ணும் இல்ல. கிண்ணம் அவளோடது. திரும்பி வர்றப்ப உள்ள வந்து குடுத்துட்டுப் போ."