இடம் மாறிய மிளகாய் மெஷின்

வீட்டோடு மாவு மில் நடத்திய அக்காவின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு டிரைவரின் வீட்டுக்கும் நடுவே, எல்லையிலேயே ஒரு வாதாம் மரம் நின்றது. அக்காவின் கணவர் உயிரோடிருந்தபோது வைத்தது. இலை விழுந்து கார் குப்பையாகிறது என்று டிரைவர் எப்போதும் மூக்கால் அழுவார். மகளின் பிரசவத்துக்காக அக்கா வெளியூர் போயிருந்த சமயம், ஆள் வைத்து அதை அடியோடு வெட்டிவிட்டார்.

திரும்பி வந்த அக்கா சண்டை போடவில்லை. வெட்டிய அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அழுதார். மறுநாளே, தெருப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிளகாய் மெஷினைப் பெயர்த்து, இதுவரை மரம் மறைத்திருந்த, டிரைவர் வீட்டைப் பார்த்த சன்னலோரம் போடச் சொன்னார்.

அதன்பின் டிரைவர் வீட்டில் யாராலும் தும்மாமல் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கடைசியில் அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டு மில்லுக்கு வந்தார்.

"அந்தச் சன்னலையாவது மூடுங்கக்கா. புள்ளைங்க இருமிக்கிட்டே கிடக்குது."

பிள்ளைகள் என்றதும் அக்காவின் கை சற்றுத் தயங்கியது. பிறகு மெஷினில் இன்னொரு படி மிளகாயைக் கொட்டினார்.

"மூடினா எனக்கு மூச்சு முட்டும் தம்பி."

"நான் செஞ்சது தப்புதான். அதே இடத்துல நானே ஒரு கன்னு வச்சுடறேன்."

"வைப்பா. அது சன்னல மறைக்கிற அளவுக்கு வளரட்டும், மெஷின மாத்திடறேன்."

டிரைவர் கன்று வைத்தார். தினமும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். அக்கா சன்னல் வழியே அதை ஆற அமரப் பார்ப்பார். அந்த நாட்களிலெல்லாம் அக்காவுக்குச் சோறு ருசித்தது.