ஆவணி மூல வீதியில் இரண்டு சுற்று

காலை ஐந்தரை மணிக்கு ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். திருப்பூரிலிருந்து வந்த பஸ் வாடிப்பட்டியைத் தாண்டும்போதே விழிப்பு வந்துவிட்டது. இருட்டில் வயல்கள் தெரியவில்லை. வாய்க்கால் ஈரம் மட்டும் ஜன்னல் வழியாக முகத்தில் பட்டது. வந்த காரியத்தை எங்கள் லேபிள் அச்சகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணூறு ரூபாய் கட்டி, இன்னொரு ஊரின் பழைய தெருக்களில் வழிகாட்டியோடு நடக்கப் போகிறேன் என்றால் திருப்பூரில் சிரிப்பார்கள்.

விளக்குத்தூணுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"கோயிலுக்கா அக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லீங்க. நடக்கறதுக்கு."

"நடக்கிறதுக்கு எதுக்குக்கா ஆட்டோ?"

நியாயமான கேள்விதான். ஏறி உட்கார்ந்தேன்.

ஆறரைக்கு விளக்குத்தூண் அருகே ஐந்து பேர் கூடினோம். சென்னையிலிருந்து கேமராவும் கையுமாக இரண்டு இளைஞர்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பதி: ஓய்வு பெற்ற அரசு அதிகாரி சந்திரசேகரன், அவர் மனைவி விசாலாட்சி. அப்புறம் நான். வழிகாட்டி ரேணுகாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். செல்லூரில் வீடு. அம்மாவோடு போனில் சௌராஷ்டிர மொழியில் பேசி முடித்துவிட்டு, அதே மூச்சில் எங்களிடம் மதுரைத் தமிழுக்கு மாறினாள்.

"கோயிலைச் சுத்திச் சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அதையும் சுத்தி மாசி வீதி. எல்லாமே சதுரந்தான். எங்கிட்டுப் போனாலும் கோயில் நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும், அம்புட்டுதான். யாராச்சும் தனியாப் போயிட்டா பயப்படாதீங்க. கோயிலை வலது கைப் பக்கமே வச்சு நடந்துக்கிட்டே இருங்க. நான் வந்து பிடிச்சிருவேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் தலையாட்டினோம்.

கீழ ஆவணி மூல வீதியில் என் பக்கத்தில் நடந்தபடி ரேணுகா தன் கதையைச் சொன்னாள். இரண்டு வருஷம் ஜவுளிக்கடையில் வேலை. "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும்க்கா. கால் ரெண்டும் வீங்கிப் போகும். நடக்கிற வேலையாப் பாப்போம்னு இதுல சேந்தேன். இன்னைக்குத்தான் கடைசி டிரையல். நடை முடிஞ்சதும் ஆபீஸ்ல இருந்து உங்கள்ல ஒருத்தருக்குப் போன் வரும். அவங்க நல்லாச் சொன்னாத்தான் வேலை. இல்லைன்னா மறுபடி சேலை மடிக்கப் போக வேண்டியதுதான்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. எனக்கே போன் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்திரசேகரன் எப்போதும் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். மனைவி பத்தடி பின்னால். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த அம்மாவின் போன்கூட அவருடைய தோள்பையில்தான் இருந்தது.

ஏழரை மணி. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. பட்டறை வாசல்களில் இரண்டு பெண்கள் தெருமண்ணைப் பூப்போலப் பெருக்கிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியை அலசினால் பொட்டுப் பொட்டாகத் தங்கம் கிடைக்குமாம். சென்னைப் பையன்கள் கேமராவைத் தூக்கினார்கள். அப்படியே ஒரு சந்துக்குள் கூட்டிப்போய்ப் பழைய பட்டறை ஒன்றைக் காட்டினாள் ரேணுகா. வெளியே வந்து எண்ணினால் நான்கு பேர்தான் இருந்தோம். விசாலாட்சியம்மாளைக் காணோம்.

"இங்கதான் வந்துட்டிருந்தா," என்று பின்னால் கையைக் காட்டினார் சந்திரசேகரன். பின்னால் தெரு காலியாக இருந்தது.

தேட ஆரம்பித்தோம். மேல ஆவணி மூல வீதி முனையில் பூக்கடைக்காரர், "பச்சைச் சேலையா? இப்பத்தான் இப்பிடிப் போனாங்க," என்று வடக்கே காட்டினார். வேகமாக நடந்தோம். அடுத்த முனையில் டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். கிழக்கே திரும்பினோம். அங்கேயும் இப்போதுதான் போனார்களாம். பங்குனி வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது. சந்திரசேகரனின் முகம் சிவந்திருந்தது.

"எண்ணூறு ரூபா வாங்கிட்டு ஆளைத் தொலைக்கிறதுதான் உங்க டூரா? ஆபீஸ்ல இருந்து போன் வரட்டும், சொல்றேன்."

"சார், இங்கனதான் இருப்பாங்க சார்," என்றாள் ரேணுகா. கண் கலங்கியிருந்தது.

ஒரு முழுச் சுற்று முடிந்து, மறுபடியும் அதே பூக்கடைக்கு வந்தோம். "அந்தம்மா திரும்பவும் இப்பிடித்தானே போறாங்க," என்றார் அவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேணுகா சொன்னபடியே அந்த அம்மா கோயிலை வலமாக வைத்து நடந்துகொண்டிருக்கிறார். நாங்களும் அதே வலமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம். இப்படியே போனால் பொழுது சாயும்வரை சுற்றலாம்.

"எதிர்ப்பக்கமாப் போலாம் கண்ணு," என்றேன்.

ரேணுகா தயங்கினாள். "கோயிலை இடமாச் சுத்துறதாக்கா? எங்கம்மா ஒரு கடையில சில்லறையை மறந்துட்டு வந்தாக்கூட முழுசா ஒரு சுத்துச் சுத்தித்தான் திரும்பப் போவாங்க. எனக்குக் கால் வராதுக்கா."

வேலை போகப்போகிற நேரத்தில்கூட அவளுக்குக் கால் வரவில்லை. எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது. "நான் சாமியைச் சுத்தப் போகலை, ஆளைத் தேடப் போறேன்," என்று சொல்லி வந்த வழியே திரும்பினேன். மற்றவர்கள் முன்போலவே வலமாகப் போனார்கள்.

தெற்கு வீதி, கீழ வீதி இரண்டையும் கடந்து வடக்கு ஆவணி மூல வீதிக்குள் திரும்பியதும் பச்சைச் சேலை தெரிந்தது. வார் அறுந்த செருப்பில் ஊக்கு குத்தி, கையில் மல்லிகைச் சரத்தோடு, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் தொலைஞ்சுட்டீங்களா?" என்று கேட்டார் என்னைப் பார்த்து.

"உங்களைத்தான் தேடறோமுங்க. எங்கேயாவது நின்னிருக்கலாமே."

அவர் குனிந்து செருப்பின் ஊக்கை ஒரு தடவை அழுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "செருப்பைச் சரி பண்ணி நிமிர்ந்தா ஒருத்தரும் இல்ல. முதல் சுத்துல காலெல்லாம் நடுங்குச்சு. கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். ரெண்டாவது சுத்துல நடுக்கம் நின்னுபோச்சு. நின்னா வந்து பிடிச்சிடுவாங்கன்னு தெரியும். அதான் நிக்கல."

நான் தனியாகவே பயணம் போகிறவள். எனக்கு அது அலுத்துப்போன சங்கதி. அவருக்கு அது அறுபது வயதில், ஒரே ஒரு சுற்றில்தான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தப் பெண்ணுக்கு இன்று கடைசி டிரையல், உங்கள் வீட்டுக்காரர் புகார் சொல்லப் போகிறார், சொன்னால் அவள் வேலை போய்விடும்.

"ஐயோ, அந்தப் பொண்ணுக்கா?" என்றார். அப்படியே ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். ரேணுகா ஓடிவந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கே போய்த் தொலைஞ்ச?" என்றார் சந்திரசேகரன். குரல் உடைந்துவிட்டது. பயந்துதான் போயிருந்தார். அதற்குப் பதிலாக அம்மாள் மல்லிகையை இரண்டாகக் கிள்ளி, ஒரு துண்டை ரேணுகாவின் தலையில் வைத்தார்.

ஒன்பதரை மணிக்குப் பருத்திப்பால் கடையில் நடை முடிந்தது. சுக்கு மணக்க, சூடாக ஆளுக்கொரு டம்ளர், கட்டணத்தில் சேர்த்தி. எல்லோரும் பாதி குடித்திருந்தபோது போன் அடித்தது. என் போன் இல்லை. சந்திரசேகரன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ரேணுகா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆமா சார், முடிஞ்சுது. அதைப் பத்தி நானே ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்..."

"இங்க குடுங்க," என்று கையை நீட்டினார் விசாலாட்சியம்மாள். அந்தக் கை அதுவரை எதற்கும் நீண்டதில்லை போலும். கணவர் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

"தம்பி, நான் அவர் வீட்டுக்காரம்மா பேசுறேன். நடுவுல நான் தனியாப் போயிட்டேன். இவர் முன்னால நடப்பார், திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது. அந்தப் பொண்ணு சொல்லிக்கொடுத்த வழியிலதான் நடந்தேன். முதல் சுத்து தெரியாமச் சுத்தினேன். ரெண்டாவது சுத்து என் ஆசைக்குச் சுத்தினேன். அதுக்கு அவ என்ன பண்ணுவா? நல்ல பொண்ணு. அவளை விட்றாதீங்க."

சந்திரசேகரன் பருத்திப்பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ரேணுகாவின் போன் சிணுங்கியது. படித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். திங்கள்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். "இனிமே தொலைஞ்சா நின்ன இடத்துலயே நில்லுங்கன்னு சொல்லிருவேன்க்கா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாலையில் கீழக்குயில்குடி போய்ச் சமணர் படுக்கைகளைப் பார்ப்பதாகத் திட்டம். முழங்கால் ஒத்துழைக்காததால் மதியமே ஆரப்பாளையம் கிளம்பினேன். எங்கள் ஊரில் தெருக்கள் எல்லாம் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றுவிடும். வேலை இல்லாமல் அங்கே ஒரு பெண் இரண்டு சுற்றுச் சுற்றினால் என்ன ஏது என்று நாலு பேர் கேட்பார்கள். மதுரையில் பூக்கடைக்காரர் அந்த அம்மா போன திசையை மட்டும்தான் சொன்னார்.

ஆட்டோவிலிருந்து கடைசியாக அந்தத் தம்பதியைப் பார்த்தேன். சந்திரசேகரன் பழக்கப்படியே முன்னால் போய்க்கொண்டிருந்தார். தெரு முனையில் நின்றார். திரும்பிப் பார்த்தார். அம்மாள் வளையல் கடை வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. சந்திரசேகரன் வெயிலில் நின்று காத்துக்கொண்டிருந்தார்.