சித்தூர் பஸ்ஸுக்கு ரைட் கொடுத்த அம்மா

போன வருஷம் புரட்டாசி மாசம். திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசலில், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். காணிப்பாக்கம் போகிற வேன் ஒன்றுக்கு ஆள் கூப்பிடுவது அப்போது என் வேலை. காலையிலிருந்து "காணிப்பாக்கம், காணிப்பாக்கம்" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேன் நிறைந்ததும் பக்கவாட்டில் தட்டி "ரைட்" சொல்ல வேண்டும். ராத்திரி படுக்கை வேனுக்குள்ளேயே. சாப்பாடு எதிரில் இருந்த கையேந்தி பவனில்.

என் இங்கிலீஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நகரியில் ஒன்பதாவது வரைக்கும் படித்தேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆகவே இங்கிலீஷ் மூன்றாவதாக வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் என்று எழுதிப் போட்டார்கள். நானும் அப்படித்தான் என்று நம்பினேன். வேலைக்குப் போன பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. நகரியில் பவர்லூம் ஓட்டும்போது "லைன் போச்சு" என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். குப்பம் என்ற ஊரில் கிரானைட் பாலிஷ் போடப் போனேன், அங்கே நாங்கள் படுத்திருந்த வரிசை வீடுகளுக்குப் பெயர் லைன். கல் தூசி நெஞ்சில் ஏறி இருமல் வந்ததும் அதை விட்டுவிட்டுப் பலமனேரில் தக்காளி லாரிக்குக் கிளீனராகப் போனேன். அங்கே முதல் கேள்வியே "இந்த லைன்ல பழக்கம் உண்டா?" என்பதுதான். திருப்பதிக்கு வந்தால் சாமி பார்க்கவே லைன். பார்ட்டியும் அப்படித்தான். மண்டியில் பார்ட்டி என்றால் தக்காளி வாங்க வந்தவர், தெருவில் பார்ட்டி என்றால் கட்சி, சம்பள நாளில் பார்ட்டி என்றால் பிரியாணி.

லாரியில் ஒரு அட்ஜஸ்ட் ஸ்பேனர் இருந்தால் பெரிய நட்டு, சின்ன நட்டு எல்லாவற்றையும் கழற்றலாம். அதுபோல ஒரு இருபது முப்பது வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராகப் பிழைத்தேன். என் நைனா மட்டும் போனில் "எந்த வேலையிலயும் ஸ்டெடியா நிக்க மாட்டேன்றியே" என்று திட்டிக்கொண்டிருப்பார். அவருடைய ஸ்டெடி எந்த ஸ்டெடி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வழுவழு வழுக்கை, அடர்ந்த வெள்ளை மீசை, தோளில் ஒரு துண்டு. முகம் வேர்த்திருந்தது. ஏதோ கேட்டார். பாஷை புரியவில்லை. நான் தெலுங்கில் கேட்டேன், தமிழில் கேட்டேன், குப்பத்தில் பொறுக்கிய கன்னடத்திலும் கேட்டுப் பார்த்தேன். அவர் இந்திக்கு மாறினார். என் இந்தி தண்ணி, டீ, எவ்வளவு என்ற மூன்றோடு தீர்ந்துவிடும். அவருக்கு என்ன தோன்றியதோ, என் வேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். டப் டப். கொஞ்சம் விட்டு இன்னொரு டப். பிறகு, "ரைட்!"

உள்ளே தூங்கி வழிந்துகொண்டிருந்த டிரைவர் அண்ணன் சட்டென்று ஸ்டார்ட் பண்ணி வண்டியை நகர்த்தியே விட்டார். அப்புறம் திரும்பிப் பார்த்தால் பாதி சீட் காலி.

"டேய், இன்னாடா இது? வண்டியே ரொம்பல, அதுக்குள்ள ரைட் குடுக்கற?"

"நான் குடுக்கலண்ணா. இவரு குடுத்தாரு."

அவ்வளவு கவலையிலும் பெரியவர் சிரித்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "கண்டக்டர். பஸ் கண்டக்டர். ரிட்டயர்" என்றார். ஊர் ஒடிசா என்றார். எனக்கு உயிர் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இருந்தது, பஸ் இங்கிலீஷ்.

அந்தப் பாஷையில் அவர் சொன்னது இது. "மை மிஸஸ், மிஸ்ஸிங்." இரண்டு பேரும் மலையில் சாமி பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தம்மா முடி கொடுக்கப் போனார். இவர் வெளியே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிறோம் என்று யாரோ வந்து இவரை வேறு பக்கம் அனுப்ப, திரும்பி வந்து பார்த்தால் மனைவியைக் காணோம். போன் இவரிடம். அந்தம்மாவிடம் போனும் இல்லை, ஒடியா தவிர வேறு பாஷையும் இல்லை. மத்தியானம் ஊருக்கு ரயில்.

அப்புறம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, நெஞ்சின் நடுவில் ஓடிய நீளத் தழும்பைக் காட்டினார். "இன்ஜின். ஓவரால்" என்றார். இதய ஆபரேஷன். மாத்திரைப் பை அந்தம்மாவின் கையில்.

நல்ல வேளையாக அவர்களுக்குள் ஒரு கண்டக்டர் வீட்டு ஏற்பாடு இருந்தது. "மிஸ்ஸிங் மீன்ஸ், பஸ் ஸ்டாண்ட் மீட்டிங்." எங்கே தொலைந்தாலும் பஸ் கிளம்பின இடத்துக்கே வந்துவிட வேண்டும். அதை நம்பித்தான் அவர் கீழே இறங்கி வந்திருக்கிறார். அந்தம்மாவும் வந்திருப்பார், ஆனால் எங்கே?

போனில், அன்றைக்குக் காலையில் எடுத்த மனைவியின் படத்தைக் காட்டினார். சிவப்புச் சேலை, இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். "லாங்" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பின்னலில் அவருக்குக் கொஞ்சம் பெருமை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"கட்டிங்?" என்று கேட்டேன், தலையைத் தடவிக் காட்டி.

"நோ நோ. ஸ்மால்." இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்து மூன்று முறை வெட்டிக் காட்டினார். பெண்கள் நிறையப் பேர் முழு மொட்டை அடிக்காமல், மூன்று கத்தரி கொடுத்துவிட்டு வருவார்கள். அப்படித்தான் அந்தம்மாவும் சொல்லிவிட்டுப் போனாராம். பிறகு தன் வழுக்கையைத் தட்டி, "மை டேங்க் எம்ப்டி" என்றார். சாமிக்குக் கொடுக்க அவரிடம் முடியே கிடையாது.

டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "ஆளுங்களைக் கூப்புட்றத வுட்டுட்டு எங்கடா போற? உனக்கு இதே பொழப்பா?" என்றார். உடனே அவரே, "சரி, கூட்டிக்கினு போ. வெயில்ல ஓட வுடாத அந்த ஆள" என்றார்.

மலை பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்குப் போனோம். புரட்டாசி மாசம் அந்த இடத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, துண்டு கட்டிய மொட்டை, அப்பா மொட்டை, குழந்தை மொட்டை, அம்மா மொட்டை. நாங்கள் பின்னலைத் தேடினோம். சிவப்புச் சேலை கட்டிய ஒவ்வொருத்தரையும் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு சிவப்புச் சேலை என்னை முறைத்து, "ஏம் காவாலி நீக்கு?" என்று தெலுங்கில் அதட்டியது, உனக்கு என்னடா வேணும் என்று. நான் பெரியவரைக் கைகாட்டினேன். அவர் கும்பிட்டார்.

சென்னை பஸ் நிற்கிற பக்கம், குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறை வாசல் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. விசாரணை கவுண்டரில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். அவரும் மைக்கில், சிவப்புச் சேலை, நீளமான ஜடை, எங்கே இருந்தாலும் வரவும் என்று நல்ல தெலுங்கில் அறிவித்தார். ஒடியா மட்டும் தெரிந்தவருக்குத் தெலுங்கில் அறிவிப்பு. அப்போது அது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளுத்திருந்தது. ரயில் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார், உள்ளே வைத்தார். திரும்பவும் எடுத்தார். "டிக்கெட், டூ. பாசஞ்சர், ஒன்" என்றார். கண் கலங்கிவிட்டது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை வேண்டும். என் மூட்டையில் இருந்ததெல்லாம் ரிவர்ஸ், சைடு, லோடு, கட். அதில் எதை எடுத்து ஒரு மனுஷனுக்கு ஆறுதல் சொல்வது? "ஸ்லோ, ஸ்லோ" என்று முதுகைத் தடவினேன். அவருக்குப் புரிந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டப் டப். கொஞ்சம் விட்டு, டப். "ரைட்!"

பெரியவர் தூணை விட்டார். பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் இந்தத் தட்டு காலையில் என் வேனில் கேட்ட அதே தட்டு. எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா? நடையா, ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் கிளம்பிவிட்டார். "இன்ஜின்! இன்ஜின்! ஸ்லோ!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அங்கே ஒரே ரகளை. சித்தூர் பஸ் ஒன்று கண்டக்டர் இல்லாமலே கிளம்பி, கேட் வரைக்கும் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டதில் நின்றிருந்தது. கண்டக்டர் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் பாதி டீயுமாக ஓடி வந்துகொண்டிருந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தட்டினாங்க, ரைட்னாங்க, போயிட்டேன். நான் இன்னா பண்ணட்டும்?" என்று தமிழில் கத்தினார். கண்டக்டர், மஞ்சள் சேலை கட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நின்ற ஒரு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நுவ்வு கண்டக்டரா? டிக்கெட்லு கூடா நுவ்வே கொடதாவா?"

நீ என்ன கண்டக்டரா, டிக்கெட்டும் நீயே போடுவியா என்று கேட்கிறார். அந்தம்மா பயப்படவே இல்லை. மலை பஸ் வந்து நிற்கிற இடத்தைக் கையால் காட்டினார். சித்தூர் பஸ் அதை மறைத்துக்கொண்டு நின்றதைக் காட்டினார். இறங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். எல்லாம் காட்டி முடித்துவிட்டு, "ரைட்" என்றார். சுற்றி இருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பெரியவர் மட்டும் இன்னும் அந்தம்மாவைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பின்னலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தம்மா திரும்பினார். அவரைப் பார்த்ததும், அதுவரை கண்டக்டருக்கே அசராதவர், சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அப்போதுதான் பெரியவர் பார்த்தார். கிட்டே போய் முந்தானையை மெதுவாக விலக்கினார். அந்த மொட்டைத் தலையில், சந்தனத்தின் மேல், விரல் நுனியால் தட்டினார். டப் டப். கொஞ்சம் விட்டு, டப்.

"ரைட்" என்றார் அந்தம்மா. இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

பிறகு அவர் ஒடியாவில் ஏதோ கேட்டார், பாதி கோபம், பாதி அழுகை. அந்தம்மா அவர் நெஞ்சைத் தொட்டார், மலைப் பக்கம் காட்டினார், தன் தலையைத் தடவினார். பாஷை தெரியாத எங்களுக்கே புரிந்துவிட்டது. ஆபரேஷன் அன்றைக்கே வேண்டிக்கொண்டிருக்கிறார். சொன்னால் இவர் விடமாட்டார் என்று மூன்று கத்தரி என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மொட்டை போட்டுக் குளித்துச் சேலையை மாற்றினவர், நேராகக் கீழே வந்து, மலை பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் எத்தனை தடவை போனோமோ. திருப்பதியில் நின்றுகொண்டு ஒருத்தரை முடியை வைத்துத் தேடிய முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெரியவர் இன்னும் ஏதோ சொல்லப் போக, "ரைட், ரைட்" என்று அந்தம்மா அடக்கினார். போதும் நிறுத்து என்கிற ரைட் அது. பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் கையில் திணித்தார். அவர் விழுங்கி முடித்ததும் இன்னொரு ரைட். அந்தம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதானாம், பெரியவர் பிறகு சொன்னார். வீட்டுக் கதவைக்கூட இவர் அப்படித்தான் தட்டுவாராம், அந்தம்மா உள்ளே இருந்து ரைட் கொடுத்தால்தான் நுழைய முடியுமாம்.

கண்டக்டர் இன்னும் கோபமாகத்தான் நின்றார். "அண்ணா, இவர் ரிட்டயர்டு கண்டக்டர், ஒடிசா" என்றேன். அவ்வளவுதான், முகமே மாறிவிட்டது. "ஸ்டாஃபா? முந்தே செப்பாலி கதா!" முன்னாலேயே சொல்ல வேண்டாமா என்று கையில் இருந்த பாதி டீயையே பெரியவரிடம் நீட்டினார். பிறகு வெட்கப்பட்டு, அவர்களுக்குப் புதிதாக டீ சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினார். ஏறினதும் எட்டிப் பார்த்து அந்தம்மாவிடம் கையைக் காட்டினார். அந்தம்மா கேட் வரைக்கும் போய், பஸ்ஸைத் தட்டி, முறைப்படி ரைட் கொடுத்தார். சித்தூர் பஸ் அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கிளம்பியது.

அவர்களை ஆட்டோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட்டேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் வார்த்தை தேடினார். கடைசியில் அவருக்கும் கிடைத்தது அந்த ஒன்றுதான். "ரைட்" என்றார். அதற்குள் எத்தனை இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நானும் "ரைட்" என்றேன். வேனுக்குத் திரும்பிப் போனால் டிரைவர் அண்ணன், "வந்துட்டியா தொரை? உன் வேலையையும் நானே கத்திக்கினு கீறேன்" என்றார். தொண்டை நிஜமாகவே கட்டியிருந்தது அவருக்கு.

அந்த வேலையையும் விட்டுவிட்டேன். இப்போது சித்தூரில் ஒரு பால் வண்டியில் கிளீனராக இருக்கிறேன். எந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பிப் பார்த்த பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அன்றையிலிருந்து, வண்டியைத் தட்டி ரைட் கொடுப்பதற்கு முன்னால், யாராவது விட்டுப்போய் நிற்கிறார்களா என்று ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்கிறேன்.