நிலத் தரகுக்கு லைசென்ஸ் கேட்டுப் போனேன்

ஒரு குடையும் நல்ல வாயும் இருந்தால் போதும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும் தொழில் நிலத் தரகு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பார்த்து என் மனைவிக்கு அலுத்துவிட்டது. நானும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்னைப் போல் தெரியாமல் வந்து விழுந்தவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

லைசென்ஸ் எங்கே கிடைக்கும்?

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ், சைக்கிளுக்கு வரி கட்டிய வில்லை என்று இருந்த காலம் அது. ஊரார் நிலத்தை விற்றுக் கொடுக்க ஒரு காகிதம்கூட இல்லாமலா இருக்கும்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். தரகர் லைசென்சுக்கு எந்தப் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு குமாஸ்தா சொன்னார்: "அதுக்கு லைசென்ஸ்லாம் கெடையாதுய்யா. ஊர்ல நாலு பேரு 'அவன் பேச்ச நம்பாதீங்க'ன்னு சொல்லிட்டா, அன்னையில இருந்து நீரு தரகருதான். போயிட்டு வாரும்."

செருப்பை விழுங்கிய மண்

முதலில் அகப்பட்டவர், புதிதாகத் தீப்பெட்டி ஆபீஸ் கட்ட ரோட்டோரமாக இடம் தேடிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் அவரைக் கயத்தாறு ரோட்டில் ஒரு கரிசல் காட்டுக்குக் கூட்டிப் போனேன். மழைக்கு மறுநாள் கரிசலில் கால் வைக்கலாமா என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வியாபாரம் முடிக்கிற அவசரத்தில் எனக்குத் தெரியவில்லை.

"இந்த மண்ணு விட்டுக் குடுக்காது அண்ணாச்சி. வெதச்சதைப் பிடிச்சு வச்சுக்கிடும்" என்று பேசிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி ஒற்றைக் காலில் நிற்கிறார். புதுச் செருப்பில் ஒன்று உள்ளே போய்விட்டது. முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். வேறு யாரோ என்றைக்கோ தொலைத்த செருப்புதான் கையில் வந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "ஒம்ம பேச்ச நம்புதேன் வே. மண்ணு விட்டுக் குடுக்கலதான்."

களை பிடுங்கியவர்

அடுத்ததாக, ஓடைக்கு வடக்கே ஒரு நிலம் விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு அண்ணாச்சியை அழைத்துப் போனேன். பருத்திக்குள் ஒருவர் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர் என்று நினைத்து, அவரையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். "பத்தடியில தண்ணி, ரோடு பக்கம், வில்லங்கம் கெடையாது. என்ன அண்ணே, நான் சொல்லுதது சரிதான?" அவர் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்து, நான் சொன்ன அத்தனையையும் பொறுமையாகக் கேட்டார்.

நிலம் அவருடையது. விலைக்கு வந்தது ஓடைக்குத் தெற்கே. எங்கே மண்வெட்டியைத் தூக்குவாரோ என்று நான் பின்வாங்கும்போது அவர் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டு நல்ல நெலம்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. இத எவனாவது விப்பானா?"

பதிவு ஆபீசில் ஒரு கேள்வி

கடைசியில் எட்டயபுரம் ரோட்டில் மூன்று ஏக்கர் அமைந்தது. வேலம்மாள் என்ற விதவையின் நிலம். அவள் மகன் லாரி வாங்க ஆசைப்பட்டான். பேச்செல்லாம் மகனோடுதான் நடந்தது. பத்திரம் எழுதி எல்லோரும் பதிவு ஆபீசில் நின்றோம். சார்பதிவாளர் வழக்கம் போல, "சம்மதிச்சுத்தானம்மா எழுதிக் குடுக்கீங்க?" என்றார்.

"சம்மதம்னு யாரு சொன்னா? மகன் கேக்கான், வேற வழியில்லன்னுல்லா சொன்னேன்" என்றாள் வேலம்மாள். சார்பதிவாளர் பத்திரத்தை மூடிவிட்டார். மகனுக்கு முகம் கறுத்தது. வெளியே வேப்பமரத்தடியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, என்ன வேணும் என்று அவளிடம் கேட்டேன். கிணறும் அதைச் சுற்றி ரெண்டு ஏக்கரும் அவளுக்கு இருக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் சரளைக்காடு ஒரு ஏக்கர் போனால் கவலையில்லை. "பழைய லாரியா வாங்கட்டும். அவன் மட்டும் புதுசா?" என்றாள்.

அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கும் ஒரு ஏக்கர்தான் தேவையாம்; மொத்தமாக எடுத்தால்தான் கிடைக்கும் என்று நினைத்து மூன்றுக்கும் ஒத்துக்கொண்டாராம். "மூணு மாசமா எங்கூட நடந்தீரே, எவ்வளவு இடம் வேணும்னு ஒரு நாளாவது கேட்டீரா வே?" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே சார்பதிவாளர் முன்னால் நின்றோம். அவர் வாயைத் திறக்கும் முன்பே வேலம்மாள் சொன்னாள்: "இந்தத் தடவ சம்மதம்தான் ஐயா. கேக்காதீங்க, தரகர் தம்பிக்கு வேர்க்குது."

ஊரில் எத்தனையோ பேருக்கு இடம் முடித்துக் கொடுத்த நான் குடியிருப்பது வாடகை வீட்டில்தான், அதுவும் வேறொரு தரகர் பார்த்துக் கொடுத்தது.