எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்

என் மனைவியின் ஊருக்கு சிட்னியிலிருந்து மேற்கே ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதை, அதன் ஓரமாகத் தகரக் கூரை வீடுகள், ஒரு சின்ன மண்டபம். கடை கிடையாது. அங்கே எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அவர்களுடைய மூதாதைப் பெண்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஆண்கள் ஆடு மேய்க்க வந்த வெள்ளைக்காரரும் காய்கறித் தோட்டம் செய்ய வந்த சீனரும். பக்கத்து நகரத்தில் அவர்களைக் கறுப்பர் என்பார்கள். அரசாங்க ஆட்கள் சிலரோ, போதிய அளவு கறுப்பில்லை என்பார்கள். ஊர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் அகதியாகப் படகில் வந்தவன். தற்காலிக விசாவோடு சிட்னியின் லிட்கமில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, இந்த ஊருக்குப் பக்கத்து நகரத்தின் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்குப் பக்கத்தில் நின்று எலும்பு பிரித்தவள்தான் பிறகு என் மனைவியானாள்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், அடுத்த தவணையிலிருந்து பள்ளி பஸ் வராது என்று டிரைவர் சொன்னார். ஓர் அதிகாரி பார்வையிட வந்தாராம். வந்தது ஒரு வேலை நாளின் மத்தியானம். பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, இங்கே ஆட்களே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்.

சிட்னியில், டூங்கபியில் இருக்கும் என் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் சாட்டெண்டு இஞ்சை வாவன். பிள்ளையின்ரை படிப்பைப் பார். அந்தக் கலப்புச் சனத்துக்கு நடுவிலை கிடந்து என்ன செய்யப் போறாய்?"

"என்ரை பிள்ளையும் கலப்புத்தான் அக்கா. நாங்கள் வரமாட்டம்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

என் மனைவி அதிகாரியைக் கூப்பிட்டு, காலையில் பஸ் வரும் நேரத்துக்கு வந்து பார்க்கும்படி சொன்னாள். பிறகு ஊரைவிட்டுப் போயிருந்த சொந்தக்காரர் எல்லோரையும் அன்று வரச் சொல்லிப் போன் போட்டாள். சிட்னிப் பக்கம் பரமட்டாவில் நர்ஸாக இருக்கும் அவளுடைய தம்பி, இரவு முழுக்கக் கார் ஓட்டி வந்தான். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் அன்று போவதில்லை என்று முடிவெடுத்தோம். "உன் விசாவை யோசித்துப் பார்," என்று சூப்பர்வைசர் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். என் விசா இன்னும் தற்காலிகம்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மற்றவர்களோடு பாதையில் போய் நின்றேன்.

உறைபனி விழுந்த காலை. மண்பாதை முழுக்க ஆட்கள். அதிகாரி காரிலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு பேரும் இங்கேதான் இருக்கிறீர்களா?"

"நீ வந்த நேரம் வேலைக்குப் போயிருந்தோம்," என்றார் என் மாமியார். "நாங்கள் வேலை செய்வோம் என்று உனக்குத் தோன்றவில்லையா?"

அதிகாரி மைத்துனனிடம் திரும்பினார். அவன் பரமட்டாவில் இருப்பவன் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது; நீங்கள் அங்கே அல்லவா இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேலை அங்கே. வீடு இங்கே. ஒருநாள் பிள்ளைகளோடு திரும்பி வருவேன், அவர்களும் பஸ்ஸில்தான் போக வேண்டும்," என்றான் அவன்.

அடுத்து என்னிடம் வந்தார். "நீங்கள் எந்த ஊர்?"

எத்தனையோ அலுவலகங்களில் தலைகுனிந்து பதில் சொன்ன கேள்வி அது.

"இந்த ஊர்."

அவர் என் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். "இல்லை, முதலில்?"

"முதலில் பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம்," என்றாள் என் மனைவி.

ஊரே சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வேலை போகவில்லை. அன்றைய சம்பளம் மட்டும் போனது. காலை பஸ் தொடர்ந்து வருகிறது. ஆனால் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவரும் பின்னேர பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் முறை வைத்துக் காரில் பிள்ளைகளைக் கூட்டி வருகிறோம். அந்த பஸ்ஸுக்காகவும் அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் எந்த நேரத்தில் வந்தாலும் பாதையில் நாங்கள் நிற்போம்.