நான் போனை எடுக்கும் வரை

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று வெள்ளானூர் வீட்டில் அம்மா இருந்தாள். சித்தப்பா இருந்தார், அவருடைய ஆட்டோ வாசலிலேயே நின்றது. நான் இல்லை. அயர்லாந்தில், சுற்றிலும் ஆடு மேய்கிற ஒரு கிராமத்தின் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் இருந்தேன்.

வார்டுக்குள் போன் கூடாது, லாக்கரில் கிடக்கும். மத்தியானம் சாப்பிடப் போகும்போது எடுத்துப் பார்த்தால், தள்ளத் தள்ள மிஸ்டு கால். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரை அட்டையை வீடியோ காலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார்கள்.

வீடியோ காலில் திருப்பி அடித்தேன். சித்தப்பா எடுத்தார். "எங்கடா பூட்ட? அப்போலருந்து அடிச்சிகினே கீறோம். உங்கப்பன் நெஞ்சப் புடிச்சிகினு குந்திகினுகீறான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"உன்னியக் கேக்காம எப்பிடிடா இட்டுகினு போறது?" என்றாள் அம்மா.

போனை அப்பா பக்கம் திருப்பினார்கள். சட்டையெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. காலையில்தான் இதே முகத்தோடு வந்த ஒரு கிழவருக்கு, பெயர் கேட்பதற்கு முன்னே ஈசிஜி எடுத்திருந்தேன்.

"வாய்வுடா. சோடா குடிச்சிகீறேன்." அப்பா சிரிக்கப் பார்த்தார். "நீ டூட்டியப் பாரு. வெள்ளக்காரன் சம்பளத்தப் புடிச்சிக்கப் போறான்."

"சித்தப்பா, நடக்க விடாதீங்க. தூக்குங்க. ஆவடில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு, இப்பவே!" நான் கத்தியதில் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆட்டோவில் அம்மா போனை மடியில் போட்டுவிட்டாள் போல. திரையில் கூரை மட்டும் ஆடியது. ஹாரன் சத்தம். "ஏங்க, ஏங்க" என்று அம்மா. அப்பாவின் குரல் வரவேயில்லை. பிறகு லைன் கட்.

வார்டில் மணி அடித்தது. போய்த்தானே ஆக வேண்டும்? ஒரு அம்மாளுக்கு நாடி பார்த்தேன். எண்ணுவது அவர் துடிப்பா என் துடிப்பா என்று தெரியவில்லை. மறுபடி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

டூட்டி முடிந்து லாக்கரைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தேன். சித்தப்பாவின் குரல் பதிவு: "அடைப்ப எடுத்துட்டாங்கடா. பொழச்சிக்கினான். டாக்டராண்டயே வாய்வுன்னு சொல்லிகினுகீறான்."

சீக்கிரம் வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு செத்திருக்காது என்றாராம் டாக்டர். அப்பா இனி கொத்து வேலைக்குப் போக முடியாது. "இனிமே எனக்கு அடிக்காதீங்க, முதல்ல ஆட்டோல ஏறுங்க" என்கிறேன். அம்மா "சரிப்பா" என்கிறாள். அந்தச் சரியை நம்பப் பயமாகத்தான் இருக்கிறது.

ஸ்டென்ட், ஐசியூ, மருந்து எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் ஆனது; அந்த வெள்ளைக்காரன் சம்பளத்திலிருந்துதான் கட்டினேன்.